ஆறாத எஞ்சின்

மண்ணெண்ணெயில் போல்ட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறேன். அலுமினியக் குண்டானில் பாதி மண்ணெண்ணெய், தேய்க்கத் தேங்காய் நார், கழுவினதை வைக்க முறம். எந்த ஓட்டையிலிருந்து வந்த போல்ட்டோ அந்த ஓட்டைக்கே திரும்பப் போக வேண்டும் என்று மெக்கானிக் தாவூது பாய் சொல்லியிருப்பதால், லாரி எஞ்சினில் எப்படி இருந்தனவோ அப்படியே முறத்தில் வரிசை பிடித்து வைக்கிறேன், நெட்டையெல்லாம் நடுவில், குட்டையெல்லாம் ஓரத்தில், கோழி வந்து கிளறிவிடாமல் இடது காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு. கரி லேசில் போவதில்லை. மண்ணெண்ணெய் எப்போதுமே கையைக் குளிர வைக்கும், அதுவும் எங்கள் மலையூர் கருங்கொம்பையில் மார்கழிக் காலையில் கேட்கவே வேண்டாம், விரல் நுனி எங்கே முடிகிறது போல்ட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இந்த வேலை என்னிடம் வந்ததற்கு நான் கெட்டிக்காரி என்பது காரணமில்லை. ஊரில் இப்போது சும்மா இருக்கிற கை என்னுடையது மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் முறை வைத்து என் மகளை நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

லாரி சடையன் மாமாவுடையது. பட்டாளத்தில் ஓடித் தேய்ந்து, கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்து வந்தார், பச்சைப் பெயிண்டைக்கூட மாற்றவில்லை. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்பதால் எங்கள் பாதையில் ஏறுகிற வண்டி அது ஒன்றுதான். குச்சிக்கிழங்கை ஜவ்வரிசி ஆலைக்கு இறக்குவதும் அதுதான், உப்பையும் சிமெண்டையும் கல்யாணப் பெண்களையும் மேலே ஏற்றுவதும் அதுதான், என்னையும் அதில்தான் ஏற்றி வந்தார்கள், வழி நெடுகக் குனிந்தே வந்ததால் எனக்கு இந்த மலை முதலில் தெரிந்தது லாரித் தளத்துத் துருவாகத்தான். அதற்கு எஞ்சின் வெளியே மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்காது. கேபினுக்குள்ளேயே, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், தகரப் பெட்டி போட்டு மூடியிருக்கும். குளிர்காலத்தில் அந்த மூடிமேல் உட்கார இடம் கிடைத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள், அதற்காக அடிதடிகூட நடந்திருக்கிறது.

எனக்கு ஏழாம் மாதத்திலேயே இடுப்பு வலி எடுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் செம்மலை ஓடிப்போய் மாமாவை எழுப்பினார், பக்கத்து வீட்டுக் குப்பாயி அக்கா வழியில் கஞ்சிக்கு என்று ஒரு பை கேழ்வரகு மாவையும் தூக்கிக்கொண்டு ஏறினாள், என்னைச் சாக்கு விரித்துக் கேபினில் சாய்த்தார்கள். எங்கள் ஊரிலிருந்து கீழே ஆஸ்பத்திரிக்கு இறங்குமுன் ஆனைக்கல் ஏற்றத்தை ஏறித் தாண்ட வேண்டும், அதில் பாதி வழியில் ரேடியேட்டர் ஒழுகியது. ஒழுகினால் என்ன செய்வது? எங்கள் பக்கம் புது மண்பானை வாங்கினால் முதலில் அதில் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி ஊற வைப்போம், மாவு போய்ப் பொடி ஓட்டைகளில் அடைத்துக்கொண்டால் அப்புறம் பானை ஆயுசுக்கும் கசியாது. மாமா பிறந்தது முதல் அதைப் பார்த்து வளர்ந்தவர். அக்காவின் பையை வாங்கி, மாவு மொத்தத்தையும் ரேடியேட்டரில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகிவிட்டு, "இனி ஒரு சொட்டு எறங்காது பாரு" என்றார்.

சொன்ன மாதிரியே ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. எஞ்சினுக்குள்ளும் இறங்கவில்லை. ஆனைக்கல் ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது, சூடு காட்டுகிற முள்ளு சிவப்புக்குப் போனது, 'பட்' என்று உள்ளே எதுவோ விட்டது, பின்னால் வெள்ளைப் புகை கிளம்பி மலையை மறைத்தது. எஞ்சினுக்கும் அதன் தலையான ஹெட்டுக்கும் நடுவே வைக்கிற கேஸ்கெட் போய்விட்டது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. மேலே போக முடியாது என்பது மட்டும் தெரிந்தது. மாமா கியரை விட்டுவிட்டு, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பிரேக்கை மிதித்து மிதித்து லாரியைப் பின்பக்கமாகவே ஊருக்கு உருட்டினார். எதிரே வர வேண்டிய மரமெல்லாம் விலகி விலகிப் போய்க்கொண்டிருந்த அந்த உருளலில்தான் என் மகள் பிறந்தாள்.

அழவில்லை. ஒரு கிழங்கு அளவுகூட இல்லை. குப்பாயி அக்கா கொடி அறுத்து, துடைத்து, கம்பளியில் சுருட்டி, அந்த இடத்தில் சூடாக இருந்தது எஞ்சின் மூடி ஒன்றுதான் என்பதால் அதன்மேல் நாலு சாக்கை மடித்துப் போட்டுப் படுக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் உதடு சிவந்தது.

அன்று சாயங்காலம் எஞ்சின் ஆறவில்லை. மறுநாளும் ஆறவில்லை. சாவி மாமாவின் இடுப்பில் இருந்தது, டேங்கில் டீசல் அப்படியே இருந்தது, வண்டி ஊர் மந்தையில் நின்ற இடத்தில் நின்றது, ஆனால் பனி பெய்தால் அதன்மேல் மட்டும் ஆவி எழுந்தது. வந்து தொட்டுப் பார்த்தவர்கள் கையை உதறிக்கொண்டு, "பட்டாளத்துல பனிமலையில நின்ன வண்டி, வேணுங்கிற சூட்டச் சேத்து வெச்சிருக்கும்" என்றார்கள். மூன்றாம் நாள் ஒருத்தி முன்பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு ரேடியேட்டர் தலையில் வெந்நீர் வைத்தாள். ஐந்தாம் நாள் கிழங்குப் பானையும் களிப் பானையும் ஏறின. புகைக்குழாய் நெடுகத் துணி காய்ந்தது, அடியில் நாய்கள் படுத்தன, நாய்களுக்கு நடுவே ஒரு கோழி அவயத்துக்கு உட்கார்ந்து எல்லா முட்டையும் பொரித்தது, இருமல்காரர்கள் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து இருமலை மறந்தார்கள். விறகு வெட்டப் போகிற வேலை நின்றுபோனதில் ஆம்பிளைகளுக்குச் சீட்டாட நேரம் கிடைத்தது, அதுதான் லாரியால் வந்த ஒரே கெடுதல் என்று பொம்பளைகள் பேசிக்கொண்டார்கள்.

நான் கேபினிலேயே இருந்தேன். பால் பீய்ச்சிப் பாலாடைச் சங்கில் சொட்டுச் சொட்டாக விடுவேன், அவள் விழுங்குவாள், தூங்குவாள். கீழேயிருந்து நடந்து வந்த நர்சம்மா அவளைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தார். "இந்தக் குளிர்ல நாலு மணி நேரம் நடந்து தூக்கிட்டு எறங்கினா, கீழ போயிச் சேரையில ஒண்ணும் மிஞ்சாது. இங்கயே வெச்சுக்கோங்க. சூடு விட்டுப் போவக் கூடாது. இல்லாட்டி யாராச்சும் வெத்து நெஞ்சுல அணைச்சு வெச்சுக்கிட்டே இருங்க, அதுவும் நல்லதுதான்" என்றார். லாரியைப் பற்றிக் கேட்டதற்கு, அவர்களின் ஆஸ்பத்திரியில் இந்த மாதிரி ஒரு பெட்டி கரண்டில் ஓடுகிறது என்றும் அடிக்கடி கரண்டு போய்விடுகிறது என்றும் சொன்னார்.

பிறகு தாவூது பாய் வந்தார், கீழ் ஊர் மெக்கானிக். புதுக் கேஸ்கெட் வளைந்துவிடாமல் ஒரு பலகையில் கட்டி, அதை முதுகில் சுமந்துகொண்டு மலை ஏறினார். ஆறு பெரிய ஓட்டையும் சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டையுமாக, செம்புத் தகட்டில் செய்த சல்லடை மாதிரி இருந்தது. "தீ ஒரு பக்கம், தண்ணி ஒரு பக்கம், ஆயிலு ஒரு பக்கம். மூணையும் ஒண்ணோட ஒண்ணு சேர விடாம நடுவுல நிக்கிறது இதுதான்" என்று எல்லாருக்கும் காட்டினார். அடிக் குழாயை அவிழ்த்ததும் ரேடியேட்டரிலிருந்து நன்றாக வெந்த களி உருண்டை உருண்டையாக விழுந்தது. பாய் அதை எடுத்து மோந்து பார்த்தார்.

"அண்ணே, பதமா கிண்டியிருக்கீங்க. கருவாட்டுக் கொழம்பு ஒண்ணுதான் பாக்கி."

சடையன் மாமா தலையைச் சொறிந்தார். "எம்புட்டு நேரத்துல கழட்டுவ பாய்?"

"கழட்ட அரை நாளுகூட ஆவாது. ஆனா எஞ்சினு ஆறணும். சூட்டோட போல்ட்ட லூசு பண்ணா ஹெட்டு வளைஞ்சுக்கும், அப்புறம் எந்தக் கேஸ்கெட்டப் போட்டாலும் நிக்காது, வண்டிய எடைக்குப் போட வேண்டியதுதான். ஆறட்டும்."

ஆறட்டும் என்று உட்கார்ந்தவர் உட்கார்ந்தேவிட்டார். தினமும் விடிந்ததும் கேபின் கதவைத் திறந்து, மூடிக்குக் கீழே கை விட்டுப் பார்த்து, "இன்னும் சுடுதும்மா" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். ஈரச் சாக்குப் போட்டார்கள், உலர்ந்தது. ஓடைத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள், ஊற்றின தண்ணீர் வெந்நீராக ஓடி மந்தையில் வீணாகப் போகிறதே என்று ஊரே குளித்தது. இதற்குள் காட்டில் கிழங்கு முற்றிக்கொண்டிருந்தது. நாள் தாண்டினால் நார் விழுந்துவிடும், ஆலையில் வாங்க மாட்டார்கள், வருசம் பூராவும் சாப்பிடுவதற்கு அது ஒன்றுதான் வழி. சீட்டாட்டம் குறைந்தது. லாரியைப் பார்க்கிறவர்கள் முதலில் எஞ்சினைப் பார்த்தார்கள், அப்புறம் என் மகளைப் பார்த்தார்கள், அப்புறம் தரையைப் பார்த்தார்கள்.

ஏன் ஆறவில்லை என்பது குப்பாயி அக்காவின் பானையால் வெளியே வந்தது. நான் துணி மாற்ற மகளைத் தூக்கியபோதெல்லாம் அக்கா கீழேயிருந்து கத்துவாள்: "ஏ சீரங்கா, புள்ளையத் தூக்காதடி! கொதி அடங்கிப் போவுது!" திரும்பப் படுக்க வைத்தால் பானை தளதளக்கும். பத்துத் தடவை அப்படிக் கத்தியிருப்பாள், யாரும் காதில் வாங்கவில்லை. பதினோராவது தடவை சடையன் மாமா அந்தப் பக்கம் பீடி பற்ற வைத்துக்கொண்டு நின்றார். பீடியைக் கீழே போட்டுவிட்டுப் பாயைப் பார்த்தார்.

"புள்ள படுத்திருக்கற வரைக்கும் எஞ்சினு ஆறாதுன்னு உனக்குத் தெரியுமா பாய்?"

"வந்த மறுநாளே தெரியும்" என்றார் பாய். "தெரிஞ்சு என்ன பண்றது அண்ணே? எனக்கும் புள்ளைங்க இருக்கு."

அன்று மந்தையில் கூட்டம் போட்டார்கள். லாரிக்குப் பக்கத்திலேயே போட்டதால் கேபினில் எனக்கு எல்லாம் கேட்டது. யாரும் புள்ளையைத் தூக்கு என்று சொல்லவில்லை. கிழங்கைப் பற்றிச் சொன்னார்கள், ஆலைக்காரனைப் பற்றிச் சொன்னார்கள், அடுத்து யாருக்காவது வலி எடுத்தால் எதில் கொண்டு போவது என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். எனக்கு எழுந்து போய்ப் பேச வேண்டும் போல இருந்தது, ஆனால் நான் இந்த ஊருக்கு வந்து ஆம்பிளைகள் இருக்கிற இடத்தில் ஒரு வார்த்தை பேசினதில்லை, மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பாதம் என் கட்டைவிரல் அளவு இருந்தது.

குப்பாயி அக்காதான் எழுந்தாள். "என்ன எல்லாரும் முழுங்குறீங்க? கள வெட்ட மாத்தாள் போறோம், கெழங்கு புடுங்க மாத்தாள் போறோம், கூர வேயப் போறோம். இன்னிக்கு நான் உங்காட்டுக்கு, நாளைக்கு நீ எங்காட்டுக்கு. இந்தத் துணுக்குப் புள்ளைய மாத்தி மாத்தி நெஞ்சுல வெச்சுக்க முடியாதா? நர்சம்மா சொல்லிட்டுத்தான போனாங்க!"

"ஆம்பிளைங்களுமா?" என்றார் சடையன் மாமா.

"ஏன் மாமோய், உனக்கு நெஞ்சு இல்லையா? ரேடியேட்டர்ல களி கிண்டத் தெரியுது, புள்ள வெச்சுக்கத் தெரியாதா?"

அப்படியே முடிவானது. முதல் முறை செம்மலைக்கு. சட்டையைக் கழற்றி, மகளை நெஞ்சோடு வைத்து, மேலே கம்பளி சுற்றினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவர் நெற்றியில் வேர்வை கிளம்பியது, நெஞ்சு செங்கல் சூளை மாதிரி தகித்தது, மகள் எஞ்சின்மேல் தூங்கின அதே தூக்கம் தூங்கினாள். யார்மேல் படுக்கிறாளோ அவர்களிடம் சூட்டைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள், அவ்வளவுதான். லாரி கொடுத்த மாதிரி மனுசரும் கொடுத்தார்கள். குப்பாயி அக்கா அவளைச் சுமந்துகொண்டே நனைந்த சேலையை உடம்பிலேயே காய வைத்தாள். சடையன் மாமா மார்கழியில் கம்பளி இல்லாமல் வெளித்திண்ணையில் படுத்தார், கேட்டவர்களிடமெல்லாம், "எஞ்சினாட்டம் இருக்குது எனக்கு, கிக்கர் அடிச்சாப் பொறப்பட்டுருவேன்" என்றார். முட்டிவலி இருந்தவர்களுக்கு முட்டிவலி போனது. அது தெரிந்ததும் முறைக்குச் சண்டை வந்தது. விளக்கு வைக்கிற நேரத்து முறை என்னுது, நீ எப்படி எடுக்கலாம் என்று ஒரு மாமியாரும் மருமகளும் ஒரு நாள் பூராவும் பேசிக்கொள்ளவில்லை. பாய் தாடியை ஒதுக்கிவிட்டு ஒரு முறை கேட்டு வாங்கிக்கொண்டார், திருப்பிக் கொடுக்கும்போது காதில் ஏதோ ஓதிவிட்டுக் கொடுத்தார்.

என்னிடமும் கொடுத்தார்கள். செம்மலைக்கு அடுத்த முறையே எனக்குத்தான், பெற்றவள் அல்லவா. நான் கதவைச் சாத்திக்கொண்டு, அவளை நெஞ்சில் போட்டு, கம்பளிமேல் கம்பளி சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வேர்க்கவில்லை. என் உடம்பு இருந்தபடியே இருந்தது. அவள் பாதம் முதலில் குளிர்ந்தது, அப்புறம் விரல், அப்புறம் உதடு சாம்பல் பூத்தது. குப்பாயி அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பிடுங்கிக்கொண்டாள். "என்னடி ஒடம்பு இது, கெணத்தடிக் கல்லாட்டம்?" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னாள். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை நானே கை நீட்டவில்லை.

அன்றிலிருந்து நான் பால் மட்டும் பீய்ச்சிக் கொடுக்கிறேன். யார் வீட்டில் இருக்கிறாளோ அந்த வீட்டு வாசலில் பாலாடையை வைத்துவிட்டு, இடுக்கு வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடுவேன். எல்லாரும் நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். கன்னம் வந்திருக்கிறது என்கிறார்கள், கையை மூடி மூடித் திறக்கிறாள் என்கிறார்கள். கொட்டாவி விட்டாளாம், ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், எனக்கும் சொன்னார்கள்.

எஞ்சின் ஆறிவிட்டது. மகள் இறங்கி மூன்றாம் நாள் காலையில் பாய் கை வைத்துப் பார்த்து, என்னைத் தேடி வந்து, "ஆறிடுச்சும்மா" என்றார், ஏதோ துக்கம் சொல்கிற மாதிரி. ஹெட்டைத் தூக்க நாலு பேர் பிடித்தார்கள். உள்ளே இருந்த ஆயில் டீக்கடைப் பால் மாதிரி வெளுத்துப்போயிருந்தது. மூன்றாவது ஓட்டைக்கும் நாலாவது ஓட்டைக்கும் நடுவே பழைய கேஸ்கெட் விரல் அகலத்துக்குக் கருகிப் பிய்ந்திருந்தது, இவ்வளவு நாள் இவ்வளவு பாடும் அந்த விரல் அகலத்தால்தான். ஒட்டிக்கொண்டிருந்ததை யார் வீட்டுத் தோசைக்கரண்டியோ கொண்டு பாய் சுரண்டினார், கண்ணை மட்டத்துக்கு வைத்துப் பார்த்தார், மறுபடி சுரண்டினார். இப்போது புதுக் கேஸ்கெட்டை வைத்துவிட்டார், ஹெட்டையும் இறக்கிவிட்டார். நான் போல்ட்டைக் கழுவித் தரத் தர, நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போய் முதல் சுற்று முறுக்கிக்கொண்டிருக்கிறார். ஒரே தடவையில் இறுக்கக் கூடாதாம். எல்லாவற்றையும் கொஞ்சம், மறுபடி எல்லாவற்றையும் கொஞ்சம்.

சாயங்காலத்துக்குள் லாரி ஓடும். ஓடினால் நாளைக்கு விடிந்ததும் எல்லாரும் காட்டுக்குப் போவார்கள், கிழங்கு புடுங்க ஆள் போதாது, முட்டி வலித்தவர்களுக்கெல்லாம் இப்போது முட்டி நன்றாக இருக்கிறது. யாரையும் குறை சொல்ல முடியாது, இவ்வளவு நாள் வைத்திருந்ததே பெரிது. முறை தீர்ந்துவிடும். தீர்ந்தால் அவள் என்னிடம்தான் வர வேண்டும். என்னிடம் வந்தால் நான் அவளுக்கு எதைக் கொடுப்பேன்? நேற்று இதைச் செம்மலையிடம் கேட்டேன். அவர் என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார், இன்னும் சூடாகத்தான் இருந்தது. ஆனால் அவரும் காட்டுக்குப் போக வேண்டும்.

பூனை கத்துகிறதோ என்று பார்த்தேன். பூனை இல்லை. சடையன் மாமா வீட்டுப் பக்கமிருந்து வருகிறது, மெல்லிசாக, விட்டு விட்டு. பாய் ஸ்பேனரை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறார். என் மகள் பிறந்ததிலிருந்து அழுததில்லை, அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் என் மாரில் பால் தானாக இறங்கி ரவிக்கை நனைகிறது.

"சீரங்கா! ஏ சீரங்கா!" குப்பாயி அக்கா மாமா வீட்டு வாசலுக்கு ஓடி வந்து நிற்கிறாள், தலையெல்லாம் அவிழ்ந்து. "வாடி இங்க! புள்ளைக்கு வேர்த்து ஊத்துது. யார்மேல போட்டாலும் காலால ஒதைக்குது, சூடு வேண்டாங்குது. மாமனையும் ஒதைச்சிருச்சு, என்னையும் ஒதைச்சிருச்சு. குளுகுளுன்னு எங்கயாவது படுக்கணுமாட்டம் இருக்குது அதுக்கு. நீ வா!"

"போம்மா, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்கிறார் பாய்.

கையெல்லாம் மண்ணெண்ணெய், இப்படியே எப்படித் தொடுவது, சீயக்காய் போட்டுக் கழுவிக்கொண்டு வந்துவிடுகிறேன் அக்கா என்று சொல்ல வாயெடுக்கிறேன், கழுவாட்டிப் போவுது எந்திரிச்சு வாடி என்கிறாள், முறத்தைக் கோழிக்கு எட்டாமல் நகர்த்தி வைத்துவிட்டு நான் எழுந்து ஓடுகிறேன்.